மீனை அழித்தாயிற்று, வழக்கு என்ன ஆயிற்று?

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையேறுகின்றன. 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது. உள்ளூர் வரத்து குறைந்து, விலை ஏறி, வெளிமாநில மீனும் குளிர்கிடங்கு மீனும் சந்தைக்கு வரத் தொடங்கிய சில நாட்களில் அந்தப் படம் செய்தித்தாளில் வந்துவிடும். கையுறை போட்ட ஒருவர் மீன் பெட்டியைக் கவிழ்ப்பார், இன்னொருவர் ஃபினாயில் ஊற்றுவார், பின்னால் மாநகராட்சிக் குப்பை வண்டி நிற்கும். இத்தனை கிலோ ரசாயன மீன் பறிமுதல், அழிப்பு என்று தலைப்பு. படித்தவர்களில் பாதிப் பேர் தண்டனை கொடுத்துவிட்டதாக நினைத்து நிம்மதி அடைகிறார்கள். மீதிப் பேர் அந்த வியாபாரியை உடனே சிறையில் தள்ளச் சொல்கிறார்கள்.

உணவு வழக்குக் கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் எழும் கேள்வி வேறு: அழிப்பதற்கு முன் மாதிரி எடுத்தார்களா? நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைத்தார்களா? வாங்கிய ரசீது கைக்கு வந்ததா? இந்த மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வரும் கோப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. மீன் போய்விட்டது, சாட்சியமும் அதோடு போய்விட்டது. அந்த வியாபாரி மறுநாள் அதே இடத்தில் வேறு பெட்டியைத் திறக்கிறார். அவருக்கு ஆன நஷ்டம் ஒரு நாள் சரக்கு, அவ்வளவுதான்.

முதலில், எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்கும் தவறான நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறேன்: "கிட்டில் நிறம் மாறிவிட்டது, ஃபார்மலின் நிரூபணமாகிவிட்டது." ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்த திரவம்; கெட்ட மீனைப் புதியதுபோல் காட்டச் சேர்க்கிறார்கள்.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் வெளியிட்ட விரைவுச் சோதனை அட்டை நல்ல கருவி. மீனின் தோலில் காகிதப் பட்டையைத் தேய்த்து, ஒரு துளி வினைபொருளை விட்டு, சில நிமிடங்களில் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு பெட்டி இருக்கும் ஏலக்கூடத்தில் எந்தப் பெட்டியில் கை வைப்பது என்று தெரிந்துகொள்ள அதைவிட வேகமான வழி கிடையாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கேரளம் 'சாகர் ராணி' என்ற பெயரில் வாளையாறு, ஆரியங்காவு சோதனைச்சாவடிகளில் டன் கணக்கில் மீனைப் பிடித்தபோதும் இத்தகைய விரைவுச் சோதனைதான் முதலில் கைகொடுத்தது. அடுத்த மாதம் கோவாவும் அசாமும் வெளிமாநில மீன் வரவுக்குத் தற்காலிகத் தடையே விதித்தன.

ஆனால் அந்த அட்டை சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பு. எவ்வளவு ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் நீதிமன்றத்தில் வழக்கைக் கவிழ்க்கிறது. கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. மீன் செத்த பிறகு, சில இனங்களில் உள்ள நொதி அதை உடைக்கும்போது ஃபார்மால்டிஹைடு உருவாகிறது. தண்ணிப்பன்னா, வங்கராவாசி போன்றவை இதற்குப் பேர்போனவை. ஒரு சொட்டு ஃபார்மலின்கூடப் படாத வங்கராவாசியில் அளவிடக்கூடிய ஃபார்மால்டிஹைடு இருக்கும். உறைநிலையில் வைத்தாலும் இது முழுமையாக நிற்காது. இதனால்தான் 2019-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லா மீனுக்கும் ஒரே வரம்பு வைக்காமல், இன வாரியாகப் பிரித்து, இந்த வகைகளுக்கு மற்ற மீன்களைவிடப் பல மடங்கு உயர்ந்த அளவை இயற்கையானதாக ஏற்றுக்கொண்டது. ஆகவே மீனின் இனம் என்னவென்று மகசரில் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவில்) எழுதாமல் "மீன், ஒரு பெட்டி" என்று எழுதும் ஆய்வு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தானாகவே வாதத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறது. தயவுசெய்து இனத்தை எழுதுங்கள். உள்ளூர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. தசையை அரைத்து, அமிலத்தில் காய்ச்சி வடித்து, வடிநீரை அசிட்டைல் அசிட்டோன் வினைபொருளோடு சேர்த்தால் வரும் மஞ்சள் நிறத்தை நிறமாலைமானியில் அளப்பார்கள். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் வரும். அந்த எண்ணும் இனத்தின் பெயரும் சேர்ந்தால்தான் சாட்சியம். வெறும் நிற மாற்றப் புகைப்படம் வழக்கைத் தாங்காது.

அடுத்து மாதிரி எடுப்பது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. மாதிரி எடுக்கப்போகிறேன் என்று வியாபாரிக்கு 5ஏ படிவத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எடுத்ததை நான்கு பங்காக்கி ஒவ்வொன்றையும் முத்திரையிட்டு, அவர் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். மறுத்தால் சாட்சியைக் கூப்பிட வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு பங்கு, மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் பாதுகாப்பில். நான்காவது பங்கை, வியாபாரி கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அவர் செலவில் அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் நியமன அலுவலரிடம் உள்ள பங்கு மேல்ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி. எடுத்த மாதிரிக்கு வழக்கமான சில்லறை விலையைக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான், பெருந்தன்மை இல்லை. அந்த வவுச்சர் கோப்பில் இருக்க வேண்டும்.

பால், எண்ணெய் மாதிரிகளுக்கு இதெல்லாம் பழக்கமாகிவிட்டது. மீனில்தான் சறுக்குகிறார்கள், காரணம் குளிர். நான்கு பங்கும் எடுத்த நிமிடத்திலிருந்து பனியில் இருக்க வேண்டும். நியமன அலுவலரிடம் போகும் இரண்டு பங்கும் உறைநிலைப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போன நேரங்களும் பதிவாக வேண்டும். ஆறு மாதம் கழித்து மேல்ஆய்வகத்துக்கு அனுப்பிய பங்கு அழுகிப்போய், பகுப்பாய்வுக்கு உகந்ததல்ல என்று திரும்பி வந்தால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். வேதிப் பகுப்பாய்வுக்கு எடுத்த பால் மாதிரியில் 25 மில்லிக்கு இரண்டு துளி ஃபார்மலின் விட்டுப் பாதுகாப்பது விதிகளில் உள்ள பழைய நடைமுறை. அதே பையோடு மீன் மாதிரி எடுக்கக் கிளம்புகிறவர்கள் அந்தச் சீசாவை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பையில் ஃபார்மலின் இருந்தது என்ற ஒரு பதில் போதும், குறுக்கு விசாரணையில் எல்லாம் சரிந்துவிடும்.

இனி அழிப்பது. கெட்டுப்போகும் பொருளை, மனிதர் உண்ணத் தகாதது என்று அலுவலர் கண்டால், வியாபாரிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அழிக்க 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. அழிப்பது தவறில்லை, அவசியம். அழுகிய மீன் திரும்பச் சந்தைக்குள் வரக்கூடாது. ஆனால் வரிசை முக்கியம்: இனம் குறித்தல், எடை குறித்தல், வெப்பநிலை குறித்தல், புகைப்படம், மாதிரி, முத்திரை, மகசர், சாட்சிக் கையெழுத்து, எழுத்து அறிவிப்பு. இத்தனைக்கும் பிறகுதான் ஃபினாயில். நடப்பில் ஃபினாயில் முதலில் வருகிறது, ஏனென்றால் கேமரா வந்து நிற்கிறது. மாதிரி எடுக்காமல் அழித்த சரக்குக்கு, பாதுகாப்பற்ற உணவுக்குத் தண்டனை தரும் 59-ஆம் பிரிவில் வழக்குப் போட முடியாது. அது பாதுகாப்பற்றது என்று சொல்ல எந்த அறிக்கையும் கையில் இருக்காது. அதற்கும் மேல், காரணமில்லாமல் பறிமுதல் செய்தார் என்று வியாபாரி நிரூபித்தால் 39-ஆம் பிரிவின்கீழ் அலுவலரே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட நேரிடும்.

கெடுக்களும் இரக்கமற்றவை. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வியாபாரிக்கு 30 நாள். குற்ற வழக்குக்குரியது என்றால் அறிக்கை கிடைத்த 14 நாளில் நியமன அலுவலர் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். குற்றம் நடந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்து ஆணையர் அதை 3 ஆண்டு வரை நீட்டலாம். இந்தக் கெடுக்கள் தவறியதைக் காட்டி ரத்தான வழக்குகள் உண்டு. ஆய்வகம் 43-ஆம் பிரிவின்படி அங்கீகரிக்கப்பட்டதா என்பதும் அதே அளவுக்குக் கனமான கேள்வி. 2015-இல் மேகி நூடுல்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. நம் மாநிலத்தில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை என ஆறு இடங்களில் அரசு உணவு ஆய்வகங்கள் இருக்கின்றன. எந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் மீனில் ஃபார்மால்டிஹைடு சோதனை இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் மாதிரியை அனுப்ப வேண்டும்.

"போலீஸில் எஃப்.ஐ.ஆர். போடுங்க சார், இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 2024 பிப்ரவரியில் ராம் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுக்குள் வரும் குற்றத்துக்கு, அந்தச் சட்டமே மேலோங்கி நிற்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 272, 273 பிரிவுகளைச் சேர்த்துப் போட முடியாது. அந்தப் பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 274, 275 என்ற எண்களில் இருக்கின்றன. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் உங்கள் கோபத்தைத் தணிக்கும், வழக்கைத் தாங்காது. கலப்படத்துக்கு வாசல் உணவுப் பாதுகாப்புத் துறைதான்.

அந்தச் சட்டம் பல்லில்லாதது என்று சொல்வதும் சரியல்ல. எந்தப் பிரிவைக் கையில் எடுப்பது என்று தெரிந்தால் அது நன்றாகவே கடிக்கும். ஃபார்மலின் எந்த அளவிலும் உணவில் சேர்க்க அனுமதிக்கப்படாத பொருள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஃபார்மலின் சேர்த்த மீன் பாதுகாப்பற்ற உணவு. 59-ஆம் பிரிவில் யாருக்கும் காயம் ஏற்படாவிட்டாலும் சிறை உண்டு. அதுவரை 6 மாதம் வரை இருந்த அந்தச் சிறைத்தண்டனையை 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் 3 மாதமாகக் குறைத்து, அபராத வரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக்கியது. காயம் ஏற்பட்டால் 1 ஆண்டு, கொடுங்காயம் என்றால் 6 ஆண்டு, உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. வெளுத்த செவுளுக்குச் சிவப்புச் சாயம் தடவுவதும் இதே கணக்கில்தான் வரும். கெட்டதை மறைக்க நிறமேற்றிய பொருளும் பாதுகாப்பற்ற உணவு என்று வரையறையே சொல்கிறது.

யாரும் கவனிக்காத பிரிவு 57. கலப்படப் பொருளை வைத்திருப்பதே குற்றம். மீன் கிடங்கில் ஃபார்மலின் கேன் இருந்தால், அது மீனில் கலந்தது என்று நிரூபிக்கும் சுமை இல்லாமலே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வியாபாரியின் சொந்த உபயோகத்துக்கு என்ற பேச்சுக்கு மீன் கிடங்கில் என்ன இடம்? ஆய்வுக்குப் போகிறவர்கள் மீன் பெட்டிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொள்ளாமல் பனி நொறுக்கும் இயந்திரத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் அடி, வண்டி ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழ் என்று கண்ணை ஓட்ட வேண்டும். கேனைக் கண்டால் அதிலிருந்தும் மாதிரி.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் பழி அடிக்கடி தவறான ஆள்மேல் விழுகிறது. கடலில் மீன் பிடிக்கும் மீனவர் தம் தொழிலில் செய்வதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் போய்விட்டு அன்றே திரும்புகிறவர் ஃபார்மலின் வாங்கிச் செலவழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நெடுந்தூரம் போகும் சரக்கு, பனிச் செலவைக் குறைக்க நினைக்கும் இடைத்தரகு, நாள்கணக்கில் தேங்கிய கிடங்கு, இந்த மூன்றிலும்தான் தேட வேண்டும். கூடையில் வைத்து விற்கும் அம்மாவின் கூடையைக் கவிழ்த்துப் படம் எடுப்பது எளிது. அவருக்குப் பெட்டியை அனுப்பிய ஆளைத் தேடிப் போவதற்குத்தான் ரசீது வேண்டும்.

ரசீதுக்கு வருகிறேன், மொத்த விஷயமும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. 26-ஆம் பிரிவின்படி எந்த உணவு வணிகரும் இன்னொரு விற்பனையாளருக்குப் பொருள் விற்கும்போது அதன் தன்மைக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். பில்லோ இன்வாய்ஸோ கொடுத்தாலே அது உத்தரவாதமாகக் கருதப்படும். மீன் சந்தையில் விடிகாலை 3 மணிக்கு ஏலம் முடிந்து, கையில் பணம் மாறி, துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிய எடையோடு பெட்டி வண்டியேறுகிறது. காலை 9 மணிக்குச் சில்லறைக் கடையில் மாதிரி எடுக்கிறார்கள். தவறு வெளிவந்தால் சில்லறைக் கடைக்காரர்தான் கூண்டில் நிற்பார். 80-ஆம் பிரிவு அவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது: உரிய கவனம் எடுத்தேன், இன்னாரிடம் இந்தத் தேதியில் வாங்கினேன், முறையாக வைத்திருந்தேன் என்று காட்டினால் தப்பலாம். பென்சில் சீட்டைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது. சில்லறை வியாபாரிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: விற்றவர் பெயர், அவரது 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண், தேதி, மீனின் பெயர், எடை, இந்த ஐந்தும் உள்ள சீட்டு இல்லாமல் பெட்டியைத் தூக்காதீர்கள். தர மறுத்தால் கைப்பேசியில் பெட்டியையும் வண்டி எண்ணையும் படம் எடுத்து, பணத்தை யுபிஐ-யில் செலுத்துங்கள். அந்தப் பதிவாவது இருக்கும்.

இதுவரை சொன்னது கலப்படம். பெயர் மாற்றி விற்பது தனி வியாபாரமாகவே வளர்ந்து நிற்கிறது. ரூப்சந்த் என்ற குளத்து வளர்ப்பு மீன் "ஏரி வவ்வால்" ஆகி, தட்டுக்கு வரும்போது வெறும் வவ்வால் ஆகிவிடுகிறது. வெட்டித் தோலுரித்த பாசா துண்டு கொடுவா என்றும், மசாலா தடவிய பிறகு வஞ்சிரம் என்றும் ஓட்டல் பட்டியலில் ஏறுகிறது. சிவப்பு ஜிலேபி சங்கராவின் இடத்தில் கிடக்கிறது. ரூப்சந்தும் பாசாவும் ஜிலேபியும் உண்ணத்தக்க மீன்கள்தான். வளர்ப்பவர்கள் நேர்மையாக உழைக்கிறார்கள். அவற்றை அவற்றின் பெயரிலேயே, அவற்றின் விலையிலேயே விற்கட்டும்.

"லேபிள் ஒட்டாத மீனில் என்ன தவறான லேபிள்" என்று கேட்பவர்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். வேறொரு உணவுப் பொருளுக்குரிய பெயரில் விற்கப்படும் எதுவும் தவறான முத்திரையிட்ட பொருள்தான். பொட்டலமே தேவையில்லை, வாயால் சொன்ன பெயரும் கரும்பலகையில் எழுதிய பெயரும் போதும். 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாங்குபவர் கேட்ட தன்மையில் இல்லாத பொருளை விற்றால் 50-ஆம் பிரிவு, 5 லட்சம் வரை. பதிவு மட்டுமே தேவைப்படும் சிறு வியாபாரி என்றால் 25,000 வரை. இவை சிறைக்குரியவை அல்ல, அதனால் நீதிமன்றத்துக்குப் போகாமல் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணைக்கு வரும். ஒப்பீட்டளவில் வேகமாக முடியும். இனத்தை எப்படி நிரூபிப்பது? முழு மீன் என்றால் துடுப்பும் செதிலும் பல்லும் போதும், மீன்வள ஆய்வாளர் ஒருவரின் சான்று கிடைத்துவிடும். தோலுரித்த துண்டு என்றால் மரபணுப் பட்டைக் குறியீட்டுச் சோதனைதான் வழி. அதற்குப் பச்சை மாதிரி நல்லது. சமைத்ததிலும் பல நேரம் கிடைக்கும், ஆனால் நன்றாகப் பொரித்து எடுத்ததில் மரபணு சிதைந்திருக்கும். ஆகவே ஓட்டலில் தட்டிலிருந்து எடுப்பதைவிடச் சமையலறைக் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள். கூடவே பட்டியல் அட்டையின் படமும் அன்றைய கொள்முதல் பில்லும். பாசா வாங்கிய பில்லும் வஞ்சிரம் விற்ற பில்லும் ஒரே நாளில் இருந்தால், ஆய்வக அறிக்கைக்கு முன்பே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

உறைந்த இறாலில் ஏமாற்று எடையில். இறால் காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது முறையான தொழில்நுட்பம். அந்தப் பனியின் எடை நிகர எடையில் சேரக்கூடாது. 1 கிலோ என்று அச்சிட்ட பொட்டலத்தில் 200 கிராம் பனி என்றால் நீங்கள் 800 கிராம் இறாலுக்கு ஒரு கிலோ விலை கொடுத்திருக்கிறீர்கள். வீட்டிலேயே பார்க்கலாம். உறைந்த இறாலைச் சல்லடையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரை மெல்லப் பாய்ச்சுங்கள். பனி கரைந்து இறாலின் சொரசொரப்பு கைக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள், உருக விடாதீர்கள். துணியில் ஒற்றிவிட்டு நிறுங்கள். குறைந்திருந்தால் பொட்டலத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யுங்கள். அது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை அல்ல. தவறான கதவைத் தட்டிய புகார்கள் மாதக்கணக்கில் அலைகின்றன.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஈ மொய்க்கவில்லை என்பதால் ஃபார்மலின் என்று முடிவு கட்டாதீர்கள், பனி நிறைந்த பெட்டியிலும் ஈ வராது. செவுள் சிவப்பாக இருக்கிறது என்று மயங்காதீர்கள், ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். உடல் விறைத்து ரப்பர் போல இருந்து, கண் மட்டும் குழிவிழுந்து மங்கியிருந்தால் வாங்காதீர்கள். மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர், வினிகர் எதில் ஊறவைத்தாலும் தசைக்குள் போன ஃபார்மலின் முழுதாக வெளியே வந்துவிடாது. அந்த யோசனைகளைப் பரப்புவதை நிறுத்துங்கள், கலப்படக்காரருக்கு அதைவிட நல்ல உதவி இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, தலை வலித்தால் அது பெரும்பாலும் ஹிஸ்டமின் நச்சு. பனி இல்லாமல் கிடந்த மீனில் பாக்டீரியா உண்டாக்குவது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் படுத்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள், எந்த மீன், எங்கே வாங்கியது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மீதி மீனைக் கொட்டாமல், மூடிய பையில் உறைபெட்டியில் வையுங்கள்.

மீன்மேல் போடும் பனியையும் கவனியுங்கள். 2018 ஜூன் முதல், உண்பதற்கல்லாத பனிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ஆனால் மீனை நேரடியாகத் தொடும் பனி குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும். நீலப் பனியில் மீன் புதைந்து கிடந்தால் அதுவும் புகார்தான்.

சந்தேகம் வந்தால் காணொளி எடுத்துக் குழுக்களில் போடுவதால் ஒரு மீன்கூடச் சந்தையை விட்டுப் போகாது. கடையின் பெயர், இடம், தேதி, நேரம், மீனின் பெயர், பில் அல்லது யுபிஐ பதிவு, பதிவு எண் தெரிந்தால் அதுவும். இத்தனையோடு மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள், அல்லது 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' தளத்தில் பதியுங்கள். வரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். மாதிரி எடுத்தார்களா, அறிக்கை வந்ததா என்று அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

துறையை நம்பிக் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு 40-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. வாங்கும்போதே "இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே கொடுக்கலாம். 14 நாளில் அறிக்கை வரும். மீறல் இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்குக்கான நடவடிக்கையும் தொடங்கும். சொல்லாமல் வாங்கிப் போனால் அந்தப் பிரிவு உதவாது. பனிப் பெட்டியில், பில்லோடு, அன்றே கொண்டுபோங்கள். உடல்நலம் கெட்டிருந்தால் 65-ஆம் பிரிவில் இழப்பீடும் கேட்கலாம்: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம். மருத்துவமனைச் சீட்டில் மீனின் பெயர் இல்லாமல் அந்த மனு நகராது.